குடும்ப வேனும் டிரெய்லரும்: முன்சக்கர இழுவையா, பின்சக்கர இழுவையா?

விவரத் தாளில் "இழுவைத் திறன் 1,588 கிலோ" என்று போட்டிருக்கும். 3,500 பவுண்டு என்பதன் கிலோக் கணக்கு அது. டொயோட்டா சியன்னா, கியா கார்னிவல் போன்ற மினிவேன்களுக்கு வட அமெரிக்காவில் தரப்படும் எண். பலரும் அதைப் பார்த்தே டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் குடும்பத்தோடு கிளம்பும் வேனில் அந்த எண்ணை எட்டுவதற்கு வெகு முன்பே இன்னோர் எண் தீர்ந்துவிடும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள சுமைத் திறன்தான் அது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். லேபிளில் 600 கிலோ என்று இருக்கட்டும். பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் மூவர்: 400 கிலோ. பெட்டி, பை, தண்ணீர்: 100. ஹிட்ச் (டிரெய்லரை மாட்ட வேனின் பின்னால் பொருத்தும் இணைப்பு), பந்துத் தண்டு, சங்கிலி: 25. மீதி 75 கிலோ. டிரெய்லர் ஹிட்ச் பந்தின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடையை இனி பந்துச் சுமை என்று சொல்லிக்கொள்வோம். அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கம். 75 கிலோவில் 10 சதவீதக் கணக்கு என்றால் டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டக் கூடாது. விவரத் தாளில் சொன்னதில் பாதிகூட இல்லை. வேனில் ஆள் கூடக் கூட இழுவைத் திறன் குறைவதற்குச் சில கையேடுகள் தனி அட்டவணையே தருகின்றன.

பந்துச் சுமையைக் குறைத்து இதைச் சமாளிக்கலாமே என்று தோன்றும். சுமையை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளினால் பந்தின் மேல் எடை குறையும், உண்மைதான். கூடவே வேகம் ஏறியதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். சுமையில் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஐரோப்பாவில் பந்துச் சுமை இதைவிடக் குறைவு; பெரும்பாலும் 50 முதல் 100 கிலோ வரைதான் அனுமதி. அங்கே டிரெய்லரோடு ஓட்டும் வேக வரம்பும் குறைவு, டிரெய்லரின் அமைப்பும் அதற்கேற்றது. ஓர் ஊர் எண்ணை எடுத்து இன்னோர் ஊர் டிரெய்லரில் பொருத்திப் பார்ப்பது ஆபத்து.

இரண்டு வகை வேன்கள்

ஒரு பக்கம் முன்சக்கர இழுவை (இன்ஜின் விசை முன் சக்கரங்களுக்குப் போகும்) மினிவேன்: உடலும் சட்டமும் ஒன்றான கட்டமைப்பு, தாழ்ந்த தளம், சுமைத் திறன் சுமார் 500 முதல் 700 கிலோ. இன்னொரு பக்கம் ஏணிச் சட்டத்தின் மேல் உடல் வைத்த பின்சக்கர இழுவை வேன்: ஃபோர்டு ஈ-சீரிஸ், செவ்ரோலே எக்ஸ்பிரஸ் மாதிரி. இவற்றில் சுமைத் திறன் 1,000 கிலோவைத் தாண்டுவது சகஜம். அதனால் ஏழு பேரை ஏற்றிய பிறகும் பந்துச் சுமைக்கு இடம் மிஞ்சும். நடுவிலும் சில உண்டு. மெர்சிடிஸ் வி-கிளாஸ் பின்சக்கர இழுவை, ஆனால் ஏணிச் சட்டம் கிடையாது. ஆகவே வகையின் பெயரை வைத்து முடிவு கட்டாமல் லேபிளைப் படியுங்கள்.

தினசரி ஓட்டத்தில் மினிவேனுக்குத்தான் என் ஓட்டு. பக்கவாட்டில் நகரும் கதவு, தாழ்ந்த படி, குறைந்த எரிபொருள் செலவு, சாலையில் நிதானம். ஆண்டில் ஓரிரு முறை 600, 700 கிலோ டிரெய்லர் இழுப்பதற்காகப் பெரிய வேனை ஆண்டு முழுவதும் ஓட்டுவது வீண். அதே சமயம் முழுக் குடும்பத்தோடு 1,200 கிலோவுக்கு மேல் அடிக்கடி இழுப்பவர்களுக்கு மினிவேன் சரிவராது. இன்ஜின் சக்தி போதாது என்பதல்ல காரணம். எடைக் கணக்கு இடிக்கும்.

பந்துச் சுமை முன் அச்சை என்ன செய்கிறது

பந்து பின் அச்சுக்கு வெகு பின்னால் இருப்பதால் அங்கே விழும் எடை நெம்புகோலாக வேலை செய்கிறது. இரு அச்சுகளுக்கும் இடைவெளி 3 மீட்டர், பந்து பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் பின்னால், பந்துச் சுமை 150 கிலோ என்று கொள்ளுங்கள். 150-ஐ 1.1-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 55. அதாவது முன் அச்சு 55 கிலோ இலகுவாகிறது; பின் அச்சின் மேல் 150-க்குப் பதில் 205 கிலோ ஏறுகிறது.

பெரிய வேனிலும் இந்த விகிதம் ஏறக்குறைய இதேதான். வித்தியாசம், எடை இழக்கும் சக்கரம் எந்த வேலை செய்கிறது என்பதில். முன்சக்கர வேனில் திருப்புவது, உந்துவது, பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கு என மூன்றுமே அந்தச் சக்கரங்கள்தான். ஈரமான ஏற்றத்திலோ படகு இறக்கும் சரிவிலோ அவை வழுக்கும். பின்சக்கர வேனில் உந்தும் சக்கரத்தின் மேல் எடை கூடுவதால் பிடிப்பும் கூடும். ஸ்டீயரிங் மட்டும் சற்று மிதக்கும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் சொல்வார்கள், இரண்டும் ஒன்றல்ல. சுருள் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பைகள் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், விளக்கின் கோணத்தைச் சரிசெய்யும். ஆனால் முன் அச்சுக்கு எடையைத் திருப்பித் தராது, சுமைத் திறனை ஒரு கிலோகூட உயர்த்தாது. எடை பகிரும் ஹிட்ச் முன் அச்சுக்கு எடையைத் திருப்பித் தரும். அதன் இரண்டு வில் தண்டுகள் எடையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளுகின்றன. பொருத்தும் முறை இது: டிரெய்லர் இல்லாமல் முன்சக்கர வளைவின் உயரத்தை அளக்கவும், மாட்டியபின் மீண்டும் அளக்கவும், எவ்வளவு உயர்ந்ததோ அதில் பாதியாவது கீழே வரும்வரை தண்டுகளை இறுக்கவும். சில மினிவேன் கையேடுகள் இந்த ஹிட்சைத் தடை செய்கின்றன. அதன் முறுக்கு விசைக்குப் பின்பக்கத் தகடு வடிவமைக்கப்படவில்லை. தடை இருந்தால் மீற வேண்டாம், சின்ன டிரெய்லருக்கு மாறுங்கள்.

பந்துச் சுமையை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு முனையில் செங்கல், மறுமுனையில் குளியலறை எடைக் கருவி, நடுவே தடித்த பலகை. செங்கல்லிலிருந்து 30 செ.மீ., கருவியிலிருந்து 60 செ.மீ. தள்ளி, கப்ளரை (டிரெய்லரின் முன்முனையில் பந்தைப் பற்றும் பாகம்) தாங்கும் குழாயை நிறுத்தவும். கருவி காட்டும் எண்ணை 3-ஆல் பெருக்கினால் பந்துச் சுமை. டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும்.

கியர்பாக்ஸ்: சூடுதான் எமன்

டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் 80 முதல் 95 டிகிரியில் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைக் கணக்கு. கன்வெர்ட்டர் பூட்டப்படாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்போதுதான் சூடு அதிகம். நீண்ட ஏற்றத்தில் உயர் கியரில் திணறவிடாமல் ஒரு கியர் குறைத்து, கன்வெர்ட்டர் பூட்டி நிற்கும் வேகத்தில் ஓட்டினால் இன்ஜின் சத்தம் கூடும், எண்ணெய் சூடு குறையும். தனி எண்ணெய்க் குளிர்விப்பான் பொருத்தினால், ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பானைத் தாண்டி வரும் குழாயில், கியர்பாக்ஸுக்குத் திரும்பும் பக்கம் இணைக்க வேண்டும்.

பெல்ட் வகை சிவிடியில் (தனித்தனி கியர் இல்லாமல் விகிதம் தொடர்ந்து மாறும் கியர்பாக்ஸ்) ஆபத்து இன்னும் அதிகம். பெல்ட்டும் கப்பியும் உராய்வை நம்பியே விசையைக் கடத்துகின்றன. அதிகச் சுமையில் பெல்ட் ஒருமுறை வழுக்கினாலும் கப்பியில் கீறல் விழும், பிறகு அது வளர்ந்துகொண்டே போகும்.

டொயோட்டா ஹைபிரிடில் உள்ள இ-சிவிடியின் பெயரில் சிவிடி இருந்தாலும் உள்ளே பெல்ட்டும் இல்லை, கன்வெர்ட்டரும் இல்லை. கோள் பற்சக்கரமும் இரண்டு மோட்டார்களும்தான். முன்னோக்கி இழுப்பதில் இது திடமானது. ஆனால் ரிவர்ஸில் வண்டியைத் தள்ளுவது மின்மோட்டார் மட்டுமே. அதனால் ஏற்றமான இடத்தில் டிரெய்லரைப் பின்னோக்கி ஏற்ற வேண்டியிருந்தால் திணறும். வாங்குமுன் சோதனை ஓட்டத்தில் பார்க்க வேண்டியது இதுதான், யாரும் பார்ப்பதில்லை. எல்லா ஹைபிரிடும் இழுவைக்கு அனுமதிக்கப்பட்டவையும் அல்ல. கிரைஸ்லர் பசிஃபிகா ஹைபிரிடுக்கு அந்த அனுமதி கிடையாது.

டீசலா பெட்ரோலா என்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டீசல் குறைந்த சுழற்சியிலேயே முறுக்கு விசை தரும், ஏற்றத்தில் சுகம். ஆனால் வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓடினால் புகை வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பே கிடைக்காது, அடைத்துக்கொள்ளும். குட்டிப் பயணம்தான் அதிகம் என்றால் பெட்ரோல்.

டிரெய்லர் பிரேக்: தள்ளுவிசையா, மின்சாரமா

உண்மையில் வேனின் வகையைவிட அதிகம் யோசிக்க வேண்டிய தேர்வு இது.

தள்ளுவிசை பிரேக்கில் கப்ளருக்குள்ளேயே மாஸ்டர் சிலிண்டர் இருக்கும். வேன் வேகம் குறைத்ததும் டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலே பிரேக்கை அழுத்தும். வேனில் தனி வயரிங் தேவையில்லை, எந்த வேனிலும் மாட்டலாம். நீரில் இறங்கும் படகு டிரெய்லருக்கு இதுவே பொருத்தம். மின்பிரேக்கின் காந்தங்கள் நீரில் நனைந்தால் துருவேறும். குறைகள் மூன்று. ரிவர்ஸ் எடுக்கும்போதும் தள்ளல் நிகழ்வதால் பிரேக் பிடித்துக்கொள்ளும். அதை விலக்க ரிவர்ஸ் விளக்கோடு இணைந்த சோலினாய்டோ (மின்சாரத்தால் இயங்கும் வால்வு), ஐரோப்பிய டிரெய்லர்களில் உள்ள தானே விலகும் ஷூ (டிரம்மில் உரசும் பிரேக் கட்டை) அமைப்போ வேண்டும். நீண்ட இறக்கத்தில் வேனைக் கீழ் கியரில் விட்டால் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் அதன் பிரேக் லேசாக உரசிச் சூடேறும். மூன்றாவது, டிரெய்லர் வாலாட்டும்போது அதன் பிரேக்கை மட்டும் தனியே பிடிக்க வழியில்லை.

வேனிலிருந்து வரும் மின்சாரம் காந்தங்களை இயக்கிப் பிடிக்கும் மின்பிரேக்கில் அந்த வசதி உண்டு. வாலாட்டம் தொடங்கினால் வேன் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, ஓட்டுநர் அருகில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் கை விசையை மெல்ல அழுத்தினால் டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும். இந்த ஒரு காரணத்துக்காகவே குடும்பத்தோடு ஓடும் வேனுக்கு மின்பிரேக் டிரெய்லரைத்தான் பரிந்துரைப்பேன். கட்டுப்பாட்டுக் கருவியிலும் இரண்டு ரகம். மலிவான நேரத் தாமத வகை, பிரேக் மெதுவாகப் பிடித்தாலும் அவசரமாகப் பிடித்தாலும் ஒரே அளவு மின்சாரம் அனுப்பும். வேகக் குறைப்பை உணரும் விகித வகை அளவாக அனுப்பும், இதை வாங்குங்கள்.

மினிவேன்களில் பெரும்பாலும் இதற்கான வயரிங் இருக்காது. பேட்டரியிலிருந்து தனிக் கம்பி இழுக்க வேண்டும். 10 அங்குல பிரேக்கில் ஒரு காந்தம் ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். ஓர் அச்சு என்றால் 20 ஆம்பியர் சர்க்கியூட் பிரேக்கர், இரண்டு அச்சு என்றால் 30. கம்பி மெல்லியதாக இருந்தால் காந்தத்துக்கு 12 வோல்ட் போய்ச் சேராது. பிரேக் இருக்கும், பிடிக்காது. அதைவிட அதிகம் காணும் கோளாறு எர்த் கம்பி. பந்தும் கப்ளரும் தொடுவதையே எர்த்தாக நம்பிவிட்டால், கிரீஸும் துருவும் சேர்ந்து விளக்குகள் மங்கும், பிரேக் விட்டுவிட்டுப் பிடிக்கும். பிளக்கின் வெள்ளைக் கம்பியை சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

ஷூவைச் சரிசெய்ய: சக்கரத்தைத் தூக்கி, நட்சத்திரச் சக்கரத்தை (ஷூவின் இடைவெளியை மாற்றும் சிறு பல்சக்கரம்) இறுக்கிக்கொண்டே போய்ச் சக்கரம் சுற்ற மறுத்ததும் சுமார் 10 பல் தளர்த்தவும். புதிய பிரேக்கில் முதல் 300 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, பிறகு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை. அதன்பின் காலியான இடத்தில் 40 கி.மீ. வேகத்தில் கை விசையை அழுத்தி, டிரெய்லர் சக்கரம் பூட்டும்வரை அளவை ஏற்றி, பூட்டும் நிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்தவும். சுமை மாறினால் இதையும் மாற்ற வேண்டும்.

பராமரிப்பில் எங்கே பணம் போகும்

முன்சக்கர மினிவேனில் முன் டயர், முன் பிரேக் பேட், அச்சு மூட்டின் ரப்பர் உறை ஆகியவைதான் முதலில் போகும். டயர்களை 8,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் உடனே மாற்றினால் உறையோடு போகும். விட்டால் மூட்டே போகும். பின்சக்கர வேனில் டிஃபரன்ஷியல் எண்ணெய், புரொப்பெல்லர் ஷாஃப்டின் குறுக்கு மூட்டு, லீஃப் ஸ்பிரிங் புஷ் என்று பாகங்கள் கூடுதல். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியே மலிவு, கழற்றுவதும் எளிது. தாராளமாக இழுப்பவர்கள் இரு வகையிலும் கியர்பாக்ஸ் எண்ணெயை 50,000 கி.மீ.க்குள் மாற்றிவிடுவது நல்லது. "வாழ்நாள் எண்ணெய்" என்ற சொல்லை டிரெய்லர் இழுப்பவர்கள் நம்ப வேண்டாம்.

டிரெய்லரின் சக்கர பேரிங்குக்கு ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 20,000 கி.மீ.க்கு ஒருமுறை புது கிரீஸ். டிரெய்லர் டயர்கள் மேற்பரப்பு தேயும் முன்பே வயதால் கெடும். ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் நட்டுகளை 15, 40, 80 கி.மீ.யில் மறுபடி டார்க் ஸ்பேனரால் சரிபார்க்க வேண்டும்.

பழைய வேன் வாங்குகிறவர்கள் கீழே குனிந்து ஹிட்ச் இருக்கிறதா, அல்லது கழற்றிய போல்ட் ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கியர்பாக்ஸ் எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். பழுப்பேறி, கருகிய வாடை அடித்தால் விலையைக் குறைத்துக் கேட்பதில் பயனில்லை. ஓட்டைகளைச் சுற்றித் தகட்டில் விரிசலோ நெளிவோ இருந்தாலும் அப்படித்தான். அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.