பள்ளிச் செய்தி நிகழ்ச்சி: நேரலையா, ஒரே மூச்சுப் பதிவா, தனித்தனிப் பேக்கேஜா?

மேல்நிலை வகுப்பில் வீடியோ தயாரிப்பும் தொலைக்காட்சி இதழியலும் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒரு பள்ளி முடிவெடுத்தால், முதல் கூட்டம் பெரும்பாலும் கேமரா விலைப்பட்டியலோடுதான் தொடங்கும். அதை இரண்டாவது கூட்டத்துக்குத் தள்ளிவிடலாம். மாணவர்கள் எந்த வகை நிகழ்ச்சி செய்யப்போகிறார்கள் என்பது தீர்ந்துவிட்டால் கேமரா, ஸ்விட்சர் (ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி), கணினி எல்லாம் பாதிக்கு மேல் தாமாகவே முடிவாகிவிடும்.

வழிகள் மூன்று. பி.சி.ஆர். (ஸ்டுடியோவின் கட்டுப்பாட்டு அறை) வைத்து நேரலையாகவே ஒளிபரப்புவது ஒன்று. அதே அமைப்பில் நேரலை போலவே இடைவிடாமல் நடத்தி, பதிவு செய்து, லேசாகத் திருத்தி மறுநாள் வெளியிடுவது இரண்டு. ஸ்டுடியோவே இல்லாமல் மூன்று பேர் குழு 90 விநாடிச் செய்தித் தொகுப்பை, அதாவது பேக்கேஜை, வெளியே போய் எடுத்து வந்து எடிட் செய்வது மூன்று. சி.பி.எஸ்.இ.யில் 835 என்ற குறியீட்டில் உள்ள மாஸ் மீடியா ஸ்டடீஸ் பாடம் எடுத்த +1 வகுப்பாக இருக்கலாம், மாநிலப் பாடத்திட்டப் பள்ளியின் ஊடக மன்றமாக இருக்கலாம். 40 மாணவர்கள், 45 நிமிடப் பாடவேளை, வாரத்துக்கு நான்கு என்று வைத்துக்கொண்டு மூன்றையும் எடைபோடுவோம்.

பேக்கேஜ்: மெதுவானது, ஆனால் எல்லாருக்கும் வேலை உண்டு

மூன்று பேர் குழுவில் ஒருவர் நிருபர், ஒருவர் கேமரா, ஒருவர் எடிட்டர். அடுத்த செய்திக்குப் பொறுப்பு மாறும். ஒரு பேக்கேஜுக்கு ஆறு பாடவேளை வேண்டும்: செய்தியை முன்வைத்து ஒப்புதல் வாங்க ஒன்று, படப்பிடிப்புக்கு இரண்டு, எடிட்டிங்குக்கு இரண்டு, எல்லாரும் சேர்ந்து பார்த்து விமர்சிக்க ஒன்று. ஒன்றரை வாரத்தில் 13 குழுக்களிடமிருந்து (ஒன்றில் மட்டும் நால்வர்) 13 செய்திகள் வரும். இவ்வளவு பேரை ஒரே நேரத்தில் வேலையில் வைத்திருக்க மற்ற இரண்டு வழிகளாலும் முடியாது.

ஒழுங்கு முக்கியம். பைட்டை, அதாவது பேட்டித் துண்டை, முதலில் எடுத்துவிட வேண்டும். பேட்டி கொடுப்பவர் என்ன சொன்னார் என்று தெரிந்த பிறகுதான் எந்த விஷுவல் தேவை என்று தெரியும். சத்துணவுக் கூடத்தில் தண்ணீர் வரவில்லை என்று அவர் சொன்னால் குழாய், குடம், வரிசை மூன்றும் வேண்டும். பள்ளிக் கட்டடத்தை இடமிருந்து வலமாகப் பேன் செய்த ஷாட் எதற்கும் உதவாது. ஒவ்வொரு செயலுக்கும் ஐந்து ஷாட்: கை, முகம், முழுக் காட்சி, தோளுக்குப் பின்னாலிருந்து, கூடவே எதிர்பாராத கோணத்தில் ஒன்று. ஒவ்வொன்றும் அசையாமல் 10 விநாடி. மாணவர்கள் மூன்று விநாடியில் நிறுத்திவிடுவார்கள். வாய்ஸ் ஓவர் (நிருபரின் பின்னணிக் குரல்) மேல் விஷுவல் போதாமல் எடிட்டர் அதே ஷாட்டை மூன்று முறை போடுவார். கிளம்புமுன் அந்த இடத்தின் வெறும் ஓசையை 30 விநாடி பதிவு செய்து வர வேண்டும். வெட்டுகளுக்கு இடையில் விழும் ஒலிப் பள்ளத்தை நிரப்ப அதுதான் கைகொடுக்கும்.

90 விநாடிச் செய்திக்கு மூலப்பதிவு 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரப் பதிவோடு வரும் குழு இரண்டு பாடவேளையையும் பார்ப்பதிலேயே செலவழித்துவிடும். ஸ்கிரிப்ட் இரண்டு பத்தியாக இருக்கட்டும்: இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி. தமிழில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் என்று வைத்துத் தொடங்கலாம். ஆங்கிலப் பாடநூல்களில் உள்ள 150 நமக்கு ஒத்துவராது, நம் சொற்கள் நீளம். பிறகு ஒவ்வொரு மாணவரின் வேகத்தையும் கடிகாரம் வைத்து அளந்து, அவர் பெயருக்கு நேரே எழுதிவைக்க வேண்டும்.

பேக்கேஜ் கற்றுத்தராதது ஒன்று உண்டு: நேர அழுத்தம். எடிட்டர் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் இன்னும் ஒரு பாடவேளை கேட்பார். சரிபார்க்கும் பழக்கத்துக்கு மட்டும் இதைவிட நல்ல இடம் இல்லை. பெயர், பதவி, எண் மூன்றையும் வெளியிடுமுன் வேறொரு குழு உறுதிசெய்ய நேரம் இருக்கிறது.

நேரலை: கூட்டு வேலையின் பள்ளிக்கூடம், தனி ஆளுக்குச் சோர்வு

எட்டு நிமிட புல்லட்டினின் ரன்டவுன், அதாவது நேரப் பட்டியல், இது: தலைப்புச் செய்திகள் 40 விநாடி, மூன்று பேக்கேஜ் தலா 90, அவற்றுக்கு ஆங்கர் லீட் (ஆங்கர் சொல்லும் முன்னுரை) தலா 20, விளையாட்டு 60, நிறைவு 30. கூட்டினால் 7 நிமிடம் 40 விநாடி. மிச்சமுள்ள 20 விநாடிதான் தடுமாற்றத்துக்கான இடம். பேக்கேஜ்களை முன்னமே எடுத்து வைத்தால்தான் நேரலையே நடக்கும் என்பதை இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம். நேரடியாக ஸ்டுடியோவில் ஆரம்பிக்கும் பள்ளிகளில் இரண்டு ஆங்கர்கள் எட்டு நிமிடம் தாளைப் பார்த்து வாசிப்பதுதான் நிகழ்ச்சி.

வேலைக்கு 11 பேர்: ஆங்கர் இருவர், கேமரா மூவர், ஸ்விட்சர் முன் இயக்குநர், தயாரிப்பாளர், ஒலி, கிராஃபிக்ஸ், டெலிபிராம்ப்டர், ஃப்ளோர் மேனேஜர் ஒவ்வொருவர். மீதி 29 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நிரந்தரமான அறை இல்லையென்றால் பொருத்த 15 நிமிடம், கழற்ற 10. 45 நிமிடத்தில் ஓர் ஒத்திகைக்கும் ஒரு நிகழ்ச்சிக்கும் மேல் எதுவும் தேறாது.

பெரும்பாலும் கெடுவது டாக்பேக், அதாவது இயக்குநர் குழுவோடு பேசும் ஒலி வழி. இயக்குநர் "கேமரா இரண்டு ரெடி, டேக்" என்பது கேமராக்காரர் காதில் மட்டும் விழ வேண்டும். மைக்கில் விழக் கூடாது. இன்டர்காம் வாங்க முடியாவிட்டால் குழு அழைப்பும் ஒரு காது இயர்போனும் போதும். ஆனால் அழைப்புக்கு ஒரு போன், கேமராவுக்கு வேறொரு போன். படம் எடுக்கும் போனை ஏரோபிளேன் மோடில் போடாவிட்டால் யாருடைய அத்தையோ அழைக்கும்போது பதிவு நின்றுவிடும்.

இணையம் அடுத்தது. 720p நேரலையை 4 எம்.பி.பி.எஸ். அளவில் அனுப்பினால், அப்லோட் வேகம் அதைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். ரவுட்டருக்கும் ஸ்விட்சருக்கும் யு.பி.எஸ். கட்டாயம். யூடியூபில் புதுச் சேனலுக்கு நேரலை வசதியை இயக்கினால் அது செயல்பட 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆண்டு விழா அன்று காலையில் கணக்குத் தொடங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 2025 ஜூலை 22 முதல் அங்கே தனியாக நேரலை செய்யக் குறைந்தபட்ச வயது 16. +1 மாணவர்களில் பலர் இன்னும் 15 என்பதால் சேனல் பள்ளியின் பெயரிலும் ஆசிரியரின் பொறுப்பிலும் இருக்கட்டும். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் உரிமைக்கோரிக்கை வந்து நேரலையே நிற்கக்கூடும்.

ஒரே மூச்சுப் பதிவு

நேரலையின் அழுத்தமும் பேக்கேஜின் நிதானமும் சேர்ந்த வழி இது. எங்கள் ஓட்டு இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு: நிறுத்தும் விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். தகவல் பிழை, ஒலி அறுபடுவது, படம் போவது இந்த மூன்றுக்கு மட்டும் நிறுத்தலாம். நாக்குக் குழறினால் நிறுத்தக் கூடாது. ஆங்கர் திருத்திச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நிறுத்தினால் வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடராமல், அந்தச் செய்தியின் ஆங்கர் லீடுக்கே திரும்பி, வைடு ஷாட்டில் தொடங்க வேண்டும். அப்போதுதான் வெட்டு தெரியாது. ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு நிறுத்தம்தான் என்று வரம்பு போடாவிட்டால் எட்டு நிமிட நிகழ்ச்சி மூன்று நாள் ஓடும்.

அமெரிக்கப் பள்ளிகளுக்கான ஸ்டூடண்ட் டெலிவிஷன் நெட்வொர்க் மாநாட்டில் 'கிரேஸி 8' என்றொரு போட்டி உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் முழு நிகழ்ச்சியை எடுத்து, எடிட் செய்து ஒப்படைக்க வேண்டும். நேரலை இல்லாமலேயே கெடுவின் சூட்டைக் கொடுக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

ஸ்விட்சர்: ஏட்டெம் மினியா, ஓ.பி.எஸ்.ஸா?

பிளாக்மேஜிக் நிறுவனத்தின் ஏட்டெம் மினி என்ற ஸ்விட்சரில் நான்கு எச்.டி.எம்.ஐ. உள்ளீடு, இரண்டு 3.5 மி.மீ. மைக் உள்ளீடு. பொத்தான் தெரியும், கை பழகும், கணினி நின்றாலும் ஸ்விட்சிங் நிற்காது. அடிப்படை மாடலில் எல்லாக் கேமராவையும் ஒரே திரையில் காட்டும் மல்டிவியூ கிடையாது. வகுப்புக்கு அது இல்லாமல் சரிப்படாது, ஆகவே புரோ மாடலிலிருந்து பார்க்கவும். புரோ ஐ.எஸ்.ஓ. மாடல் நான்கு உள்ளீடுகளையும் தனித்தனிக் கோப்பாகவும், செய்த வெட்டுகளை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் புராஜெக்டாகவும் பதிவு செய்து தருகிறது. ஒரே நிகழ்ச்சியைப் பத்து மாணவர்கள் பத்து விதமாக மறுபடி வெட்டிப் பார்க்கலாம். வேடிக்கை பார்க்கும் அந்த 29 பேருக்கு இதுதான் மருந்து.

ஓ.பி.எஸ். கணினியிலேயே ஸ்விட்சர் வேலை பார்க்கும் மென்பொருள்; இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கேமரா ஒவ்வொன்றுக்கும், படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு வேண்டும். மூன்று யு.எஸ்.பி. கார்டுகளை ஒரே ஹப்பில் செருகினால் படம் திக்கும். தனித்தனிப் போர்ட்டில் செருகுங்கள். ஸ்டூடியோ மோடைப் போட்டால்தான் பிரிவியூ (அடுத்து வரப்போவது), புரோகிராம் (இப்போது போவது) என்று இரண்டு திரை வரும்; அதில்லாமல் ஸ்விட்சிங் கற்றுத்தர வேண்டாம். பதிவை எம்.கே.வி.யில் வைத்து, முடிந்தபின் எம்.பி.4 ஆக மாற்றுங்கள். நேரடியாகச் சாதாரண எம்.பி.4-இல் எடுக்கும்போது மின்சாரம் போனால் முழுக் கோப்பும் போய்விடும். இரண்டு கேமராவும் ஓரளவு நல்ல கணினியும் ஏற்கெனவே இருந்தால் ஓ.பி.எஸ். போதும். மூன்றாவது கேமரா வரும் நாளில் ஏட்டெம் பக்கம் போகலாம்.

இரண்டிலும் பொதுவான தொல்லை உதடும் ஒலியும் பொருந்தாமை. மைக் நேராகப் போகிறது, படம் கேமராவுக்குள் தாமதித்து வருகிறது. கேமரா முன் கைதட்டிப் பதிவு செய்து, வித்தியாசத்தை அளந்து, ஒலியைத் தாமதப்படுத்த வேண்டும். ஏட்டெமின் மைக் உள்ளீட்டில் 8 ஃபிரேம் வரை, அதாவது விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 320 மில்லி விநாடி வரை முடியும், ஓ.பி.எஸ்.ஸில் மில்லி விநாடியாகவே கொடுக்கலாம். இன்னொன்று: கேமராவின் எச்.டி.எம்.ஐ.யில் மெனு எழுத்துகள் இல்லாத சுத்தமான படம் வருகிறதா என்று வாங்குமுன் கடையிலேயே செருகிப் பாருங்கள்.

கேமராவும் மைக்கும்

பேக்கேஜுக்கு போன் போதும். ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் நிற்க மிரர்லெஸ் கேமரா நல்லது, மின் இணைப்பிலேயே ஓட வைக்கும் டம்மி பேட்டரியோடு. போனை 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று கையால் அமைக்க ஒரு கேமரா ஆப் வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃபிரேமில் தானியங்கி ஷட்டரோடு விட்டால் டியூப் லைட்டுக்குக் கீழே படத்தில் பட்டை ஓடும். பல போன்கள் ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே பதிவு செய்கின்றன. எடிட்டிங்கில் போகப் போக ஒலி விலகும். ஹேண்ட்பிரேக் என்ற மாற்றி மென்பொருளில் மாறாத 25 ஃபிரேமாக மாற்றியபின் டைம்லைனில் போட்டால் அந்தத் தலைவலி இல்லை.

பணம் குறைவென்றால் கேமராவில் குறையுங்கள், மைக்கில் குறைக்காதீர்கள். போயா பி.ஒய்.-எம்1 போன்ற கம்பி காலர் மைக் தொடக்கத்துக்குப் போதும்: 6 மீட்டர் கம்பி, எல்.ஆர்.44 பேட்டரி, போனுக்கும் கேமராவுக்கும் மாற்ற ஒரு சிறு ஸ்விட்ச். அந்த ஸ்விட்ச் தவறான பக்கம் இருந்து ஒலியே வராமல் திரும்பி வரும் குழு ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஹெட்போன் போடாமல் யாரும் பதிவு செய்யக் கூடாது என்பதுதான் ஒரே தீர்வு. மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தி, உச்ச ஒலி மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மைக்குகள் வைஃபையும் நூறு போன்களும் உள்ள அரங்கில் விட்டுவிட்டு ஒலிக்கலாம். ஆண்டு விழாவுக்குக் கம்பி மைக் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

எடிட்டிங் மென்பொருள்

கணினி வலுவாக இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. 16 ஜி.பி. ரேமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். லினக்ஸ் கணினிகளில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 வகை வீடியோக் கோப்புகளைத் திறக்காது; போனில் எடுப்பது பெரும்பாலும் இவைதான். லினக்ஸ் ஆய்வகம் என்றால் கேடென்லைவ்தான் வழி. கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் பள்ளிகளில் நடத்தும் லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் மாணவர்கள் அதைக் கொண்டுதான் எடிட்டிங் பழகுகிறார்கள். பிராக்ஸியை (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல் கோப்புகள்) இயக்கினால் 8 ஜி.பி. கணினியிலும் 1080p ஓடும். அடோபியின் பிரீமியர் தொழிலில் உதவும், ஆனால் சந்தாவை ஆண்டுதோறும் யார் கட்டுவது என்று நிர்வாகம் எழுத்தில் சொல்லாதவரை அதைப் பாடத்திட்டத்தில் எழுதாதீர்கள்.

ரிசால்வ் புராஜெக்டுகளைத் தனிக் கோப்பாக வைக்காமல் தன் தரவுத்தளத்தில் வைக்கும். கணினியை அணைத்தால் பழைய நிலைக்கே திரும்பும் ஆய்வகத்தில் மறுநாள் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் புராஜெக்டை ஏற்றுமதி செய்து, வெளி வட்டில் சேமிக்கச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்துகள் தனிப் பாடம். 'கொடைக்கானல்', 'ஸ்ரீரங்கம்' இரண்டையும் அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அந்த டைட்டில் கருவியைத் தவிர்க்க வேண்டும். பிரீமியரில் எழுத்து எந்திரத்தைத் தெற்காசியா, மத்தியக் கிழக்கு என்று மாற்றினால் சரியாகும். எங்கும் சரியாக வரும் வழி, பெயர்ப்பட்டையை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்து பின்னணியற்ற பி.என்.ஜி. ஆக ஏற்றுவது.

எந்த மாதத்தில் எது

ஜூன் முதல் செப்டம்பர் வரை பேக்கேஜ் மட்டும், போன் மட்டும். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு, கையில் 20 நல்ல பேக்கேஜ்களாவது சேர்ந்திருக்கும்போது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே மூச்சுப் பதிவு. 11 பொறுப்புகளும் சுழற்சியில் போக வேண்டும். நன்றாகத் தமிழ் பேசும் இருவரே ஆண்டு முழுக்க ஆங்கராக உட்கார்ந்துவிடுவது சீக்கிரம் நடந்துவிடும். நேரலை விளையாட்டு விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டும்.

படம் வெளியே போகுமுன் மூன்று வழிக்கும் ஒரே சோதனை. தெரியும் ஒவ்வொரு மாணவரின் பெற்றோரும் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். குற்றத்தில் பாதிக்கப்பட்ட, சாட்சியான, குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி என எந்த அடையாளத்தையும் வெளியிடச் சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. பாலியல் குற்றங்களுக்குப் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் உண்டு. பள்ளியின் பெயரே அடையாளமாகிவிடும் என்பதை நிருபர்கள் மறந்துவிடுவார்கள். அவர்கள் சட்டையிலும் மைக் லோகோவிலும் அது பெரிதாக எழுதியிருக்கும். நேரலையில் யாராவது அப்படிப் பேசிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் இந்த வகைச் செய்திகளைப் பேக்கேஜாக மட்டும் செய்து, ஆசிரியர் ஒருவரும் பள்ளிக்கு வெளியே உள்ள ஒருவரும் பார்த்தபிறகே வெளியிடலாம்.