18,500 ரூபாய் சர்வீஸும் கழற்றாத நாலு போல்ட்டும்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் யாராவது சின்னப் படகும் அவுட்போர்டு எஞ்சினும் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற எஞ்சின்) வைத்திருந்தால், சர்வீஸுக்கு விடுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். பத்துப் பேர்கூடத் தேற மாட்டீர்கள் என்று தெரியும். பாலாற்றில் தண்ணீர் பார்க்க 2021 நவம்பர் மாதிரி ஒரு வெள்ளம் வரவேண்டியிருக்கிற ஊரில் உனக்குப் படகு எதற்கு என்று என் மாமனாரே கேட்டார். ஆனால் நான் ஏமாந்ததற்குக் காரணமே அதுதான். ஊரில் யாருக்கும் தெரியாத சாமானைத் தூக்கிக்கொண்டு போனால், "எனக்குத் தெரியும்" என்று முதலில் சொல்கிறவர்தான் மெக்கானிக்.

எங்களுடையது பதினாறு அடி ஃபைபர் படகு. எஞ்சின் 9.9 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், கடலூரில் ஒரு மீனவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. "தண்ணி பம்ப்பத் தொறந்து மூணு வருசம் ஆச்சு தம்பி, கொண்டு போனதும் மொத வேலையா மாத்திடு" என்றார். எஞ்சினின் கீழ்க்காலை, அதாவது தண்ணீருக்குள் இறங்கும் ப்ரொப்பெல்லர் பகுதியை, பிடித்திருக்கும் நாலு போல்ட்டின் மேலும் சிவப்பு எனாமல் பெயிண்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். பாதிக் கோடு போல்ட்டுத் தலையில், மீதிப் பாதி பக்கத்து உலோகத்தில். போல்ட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

போன ஜனவரியில் நானும் என் மச்சானும் கேரளத்தில் கொல்லத்திலிருந்து கோட்டப்புறம் வரை உள்நாட்டு நீர்வழியிலேயே போய்விடுவது என்று திட்டம். 1993இல் தேசிய நீர்வழி 3 என்று அறிவித்த பாதையின் முதன்மைத் தடம் அது, 168 கிலோமீட்டர். கடலுக்குள் இறங்க வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் ஊர் இருக்கிறது, எங்களைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கு ஏற்ற வழி. அதற்கு முன் எஞ்சினை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று வேலூரிலேயே பம்ப்செட்டும் ஜெனரேட்டரும் பழுது பார்க்கிற ஒரு பட்டறையில் விட்டேன். "இன்னா சார் பெரிய விசயம், இதுவும் ஒரு மோட்டார்தானே? வெள்ளம் வந்தப்ப எத்தன போட்டு பாத்துக் குடுத்தேன் தெரியுமா?" என்றார். அந்தப் பேச்சில் விழுந்தவன்தான்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது: வாட்டர் பம்ப் கிட் 4,800, கியர் ஆயில் 900, கார்பரேட்டர் 2,500, ப்ளக் இரண்டு 700, பெயிண்ட் 3,000, லேபர் 6,600. மொத்தம் 18,500. பில் கேட்டேன், "பில்லுன்னா ஜிஎஸ்டி சேரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

எஞ்சினைப் பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மேல்மூடி முதல் கீழ்க்கால் வரை பளபளவென்று சாம்பல் பெயிண்ட், மூடியில் சந்தனம் குங்குமம், கைப்பிடியில் ஒரு எலுமிச்சம்பழம். "சவுண்டக் கேளுங்க சார்" என்று ஸ்டாண்டில் மாட்டியபடியே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தார். ஒரு நிமிஷம் நன்றாக முறுக்கிக் காட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் ட்ரம் தண்ணீரில் இறக்கி ஓட்டினார். பின்பக்கத் துளையிலிருந்து சன்னமாகத் தண்ணீர் பீய்ச்சியது, "பாருங்க, புது பம்ப்பு" என்றார்.

இங்கேயே நான் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். ஏனென்று சொல்கிறேன். அவுட்போர்டு எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஓடுகிற தண்ணீரையே கீழ்க்காலில் இருக்கும் பம்ப் உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி அனுப்பி, வெளியே தள்ளுகிறது. அந்தப் பம்ப்பின் உயிர் இம்பெல்லர் என்கிற ஒரு ரப்பர் சக்கரம். அதற்குத் தண்ணீர்தான் மசகு. தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஒரு நிமிஷத்துக்குள்ளேயே ரப்பர் உரசிச் சூடாகிக் கருகிவிடும். புது இம்பெல்லர் போட்ட எந்த மெக்கானிக்கும் எஞ்சினை வெறும் ஸ்டாண்டில் முறுக்கிக் காட்ட மாட்டான். இது எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

மினி லாரியில் படகை ஏற்றிக் கொல்லம் போய், அஷ்டமுடிக் காயலில் விடியற்காலை இறக்கினோம். மூன்று மணி நேரம் அருமையாக ஓடியது. காயங்குளம் காயலுக்குள் நுழைந்தபோது மச்சான்தான் மூக்கை உறிஞ்சினான். "மாமா, ஏதோ பெயிண்ட் தீயுற வாசன வருது." நான் கரையில் தெரிந்த சீனவலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தேன், துளையிலிருந்து தண்ணீர் வரவில்லை. சொட்டுக்கூட இல்லை, வெறும் ஆவி. எங்கள் எஞ்சினில் சூடு அலாரம் எதுவும் கிடையாது. மூடியைத் திறந்தால் சிலிண்டர் தலையில் அடித்திருந்த புதுப் பெயிண்ட் அப்பளம் மாதிரிக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அந்த ஆள் செய்த ஒரே வேலை பெயிண்ட், கடைசியில் அதுதான் எங்களை எச்சரித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பு போட்டோம். மதியத்துக்கு மேல் அங்கே கடல்காற்று ஏறும், பதினாறு அடி படகை இரண்டு பேர் துடுப்பால் சமாளிக்க முடியாது. வலை கட்டிய கம்பங்களை நோக்கித் தள்ளிக்கொண்டே போனது. ஒரு வள்ளத்தில் வந்த இரண்டு பேர் கயிறு வீசி, படகுத்துறை ஒன்றுக்கு இழுத்து வந்து, ஒரு மெக்கானிக்கைக் கைகாட்டிவிட்டுப் போனார்கள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

மெக்கானிக்குக் கடை என்று எதுவும் இல்லை. தென்னை மரத்தடியில் ஒரு பலகை, ஒரு டப்பா. எஞ்சினைச் சாய்த்து வைத்து, கீழே ஒரு துண்டை விரித்துவிட்டு, ஸ்பேனரை எடுத்தவர் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, இது யாரும் தொட்டதே இல்லியே?" நான் சீட்டைக் காட்டி, போன மாதம்தான் பம்ப் மாற்றியது என்றேன். அவர் பேசவில்லை. என் விரலைப் பிடித்து அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் வைத்தார். போல்ட்டுகள் கீழ்க்காலில் ஒரு தகட்டுக்கு அடிப்பக்கம் இருப்பதால் சாம்பல் பெயிண்ட் அங்கே படவில்லை. நாலு போல்ட்டிலும் கோடு முடி அளவும் விலகாமல், ஒடியாமல், கடலூரில் பார்த்தபடியே இருந்தது.

கழற்றினார். ஆறு இதழ் இருக்க வேண்டிய இம்பெல்லரில் மூன்றுதான் இருந்தன. இருந்தவையும் ஒரு பக்கமாக வளைந்து, பழைய செருப்பு வார் மாதிரி விறைத்துப் போயிருந்தன. விரலால் மடக்கினேன், அதிலும் ஒன்று உடைந்து கையோடு வந்தது. புதுசு போட்டுவிடலாமே என்று நான் அவசரப்பட, அவர் ஒப்பவில்லை. ஒடிந்த துண்டுகள் தண்ணீரோடு மேலே ஏறி எங்காவது அடைத்துக்கொண்டிருக்கும், அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் மறுபடி இதே கதைதான் என்றார். இரண்டு துண்டு தண்ணீர்க் குழாயில் கிடைத்தன. மூன்றாவதுக்கு ஒரு மணி நேரம் ஆனது, தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீரை விடுகிற வால்வு) மூடிக்குள் குந்தியிருந்தது.

கியர் ஆயிலையும் பார்த்துவிடுவோம் என்று அடித் திருகாணியைத் திறந்தார். திருகாணியின் பிளவில் காய்ந்த உப்பும் சேறும் அப்படியே இருந்தன, அதையும் யாரும் தொட்டதில்லை. வந்தது ஆயில் இல்லை, பால் தூக்கலான டீ. தண்ணீர் புகுந்தால் அந்த நிறம்தான் வரும். புது வாஷர் போட்டு, அடித்துளை வழியாகவே ஆயிலை ஏற்றி, மேல்துளையில் வழிகிற வரை காத்திருந்தார். மேலிருந்து ஊற்றினால் காற்று மாட்டிக்கொண்டு பாதிதான் நிரம்புமாம். அப்புறம் கத்தியை எடுத்துக் கீழ்க்காலில் இருந்த துத்தநாகக் கட்டியைச் சுரண்ட ஆரம்பித்தார். உப்புத் தண்ணீரில் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைந்து எஞ்சினைக் காப்பதுதான் அந்தக் கட்டியின் வேலை. அதன் மேலேயும் நம்ம ஆள் பெயிண்ட் அடித்திருந்தார். பெயிண்ட் அடித்த கட்டி இருந்தும் இல்லாததும் ஒன்று.

இம்பெல்லர் 950, ஆயில் 350, கூலி 400. மொத்தம் 1,700 ரூபாய்.

கிளம்புமுன் ஒரு உதிரி இம்பெல்லரும் வாங்கிக்கொண்டு, என்னையே ஒரு தடவை கழற்றி மாட்டச் சொன்னார். கியர் கம்பியைப் பிரித்துவிட்டு நாலு போல்ட்டையும் எடுத்தால் கீழ்க்கால் தனியாக வந்துவிடும். இம்பெல்லரைத் தண்டோடு பிடித்துவைக்க சாவி என்று சொல்கிற ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது, நக அளவுதான். நான் எடுத்த வேகத்தில் அது துள்ளி விழுந்தது. துண்டு எதற்கு விரித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. இதையே தண்ணீருக்கு மேல் செய்திருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். சோப்புத் தண்ணீர் தடவி, தண்டை மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே அமுக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடிந்து உள்ளே போய்விடும். நாற்பது நிமிஷ வேலை. இதற்குத்தான் நான் பன்னிரண்டு நாள் காத்திருந்தேன்.

மிச்சப் பயணம் சுகமாகவே போனது, ஒரு விஷயம் தவிர. திருக்குன்னப்புழாவில் படகுகளைக் கடத்திவிடுகிற மதகான லாக்கைத் தாண்டிக் குட்டநாட்டுக்குள் போனால் ஆகாயத்தாமரை. அந்த மாதங்களில் தண்ணீர்முக்கம் தடுப்பணையை மூடி உப்பு வராமல் செய்துவிடுவார்கள், நல்ல தண்ணீரில் அது காடாக மண்டிவிடும். ப்ரொப்பெல்லரில் சுற்றும், உறிஞ்சு துளைகளை அடைக்கும். ரிவர்ஸ் போட்டு உதறுவது, முடியாவிட்டால் எஞ்சினை நிறுத்தித் தூக்கிக் கையால் பிடுங்குவது, திரும்ப ஸ்டார்ட் செய்ததும் முதலில் துளையில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது, இதே வேலைதான். ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் இது இல்லை. வேம்பநாட்டுக் காயலில் எஞ்சின் விக்கி விக்கி ஓட ஆரம்பித்தது. ப்ளக் இரண்டும் கரிக்கட்டை. பட்டறைக்காரர் "போட்டு ஸ்பெஷல்" என்று கேனில் ஊற்றித் தனியாக 2,200 ரூபாய்க்கு விற்ற ஆயிலின் திருவிளையாடல் அது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும், லிட்டருக்கு 20 மில்லி என்று அளந்துதான் கலந்தோம். காற்றில் ஆறுகிற பைக் எஞ்சினுக்கான டூ டி ஆயில் வேறு, தண்ணீரில் ஆறுகிற அவுட்போர்டுக்கான டிசி-டபிள்யூ 3 ஆயில் வேறு. கேனில் எந்த லேபிளும் இல்லாததை அப்போதுதான் கவனித்தேன். கொச்சியில் சரியான ஆயில் வாங்கி மாற்றிய பிறகு ப்ளக் கருக்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் கோட்டப்புறம்.

ஊருக்கு வந்து உடைந்த இம்பெல்லரோடும் போட்டோவோடும் பட்டறைக்குப் போனேன். முதலில் "ரப்பர் சார், எப்பப் போவும்னு யாருக்குத் தெரியும்" என்றார். கோடு விலகாத போட்டோவைக் காட்டினேன். "பையன் செஞ்சிருப்பான்" என்றார். எந்தப் பையன் என்றால் வேலையை விட்டுப் போய்விட்டானாம். மூன்று தடவை நடந்தபின் 4,000 ரூபாய் அனுப்பினார், இரண்டு தவணையில். மீதிக்கு ஃபோனை எடுப்பதில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தேன், மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் என்னிடம் இருப்பது கடைப் பெயரே இல்லாத துண்டுச் சீட்டு. பணம் அனுப்பிய யுபிஐ பதிவும், பேசிய வாட்ஸப் செய்திகளும் இருப்பதால் ஒரு வக்கீல் நண்பர் முயற்சி செய்து பார்க்கலாம் என்கிறார். அதனால்தான் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, தனியாகக் கேட்டும் மெசேஜ் போடாதீர்கள்.

பம்ப்செட்டோ பைக்கோ கொடுத்தாலும் மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் வராதீர்கள். வேலூரில் பழசைக் கேட்டால் அவமானப்படுத்துகிற மாதிரி முறைப்பார்கள், முறைக்கட்டும். கொடுப்பதற்கு முன் போல்ட்டில் ஒரு கோடு போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். என் எஞ்சினில் இப்போது மகளுடைய நெயில் பாலிஷ் கோடு, ரோஸ் கலர். இம்பெல்லர் மாற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் காட்பாடிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், ட்ரம் இருக்கிறது, தண்ணீர் லாரி சனிக்கிழமை வந்துவிடும்.