விண்டோஸ் 10 நின்றுவிட்டது: பழைய லேப்டாப்பில் எதைப் போடுவது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து "விண்டோஸா, லினக்ஸா, மேக்கா" என்ற பழைய சண்டை மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. எது வேகம், எது அழகு, எதில் வைரஸ் வராது என்றே பெரும்பாலும் அடித்துக்கொள்கிறார்கள். ஏழெட்டு வருஷ லேப்டாப்பை வைத்துக்கொண்டு முழிப்பவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. தன் வேலை எந்த மென்பொருளை நம்பி இருக்கிறது? இந்த மெஷினுக்கு இன்னும் எத்தனை வருஷம் அப்டேட் வரும்? இந்த இரண்டையும் வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

விண்டோஸ் 11-இல் தொடங்குவோம். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்ற அளவில் அதன் தேவைகள் ஒன்றும் அதிகமில்லை. சிக்கல் பிராசசரிலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லிலும் இருக்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அதற்குப் பிந்தியவைதான் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் உள்ளன. விதிவிலக்குகள் மிகச் சில. 2017-இல் வாங்கிய ஏழாம் தலைமுறை ஐ5 லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி ரேம் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டாயிற்று. வேர்டு, எக்செல், வீடியோ கால் எல்லாம் தடங்கல் இல்லாமல் ஓடும். ஆனாலும் பட்டியலில் இடமில்லை. மறைகுறியீட்டுச் சாவிகளைத் தனிச் சில்லில் வைத்தால் பாதுகாப்பு கூடும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லும் காரணம் பொய்யில்லை. ஆனால் அதற்காக நன்றாக ஓடும் மெஷின்களைப் பழைய இரும்புக்கு அனுப்பச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் ஊரில் ஒரு லேப்டாப் அண்ணனிடமிருந்து தங்கைக்கு, அங்கிருந்து அப்பாவின் கடைக்கு என்று கைமாறிக்கொண்டே இருக்கும். அந்த ஆயுளைப் பாதியிலேயே வெட்டுகிறது இந்த விதி.

பட்டியலில் இருந்தும் "உங்கள் பிசிக்கு விண்டோஸ் 11 கிடையாது" என்று வந்தால், உடனே நம்பிவிட வேண்டாம். கணினி துவங்கும்போதே திறக்கும் பயாஸ் அமைப்பில் டிபிஎம் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் மெஷின்களில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் அந்த அமைப்பு இருக்கும், அதை இயக்கினால் போதும். கை வைப்பதற்கு முன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது அந்தச் சாவியைக் கேட்டு மெஷின் அப்படியே நிற்கலாம்.

ரூஃபஸ் மாதிரிக் கருவியை வைத்து, தகுதியில்லாத மெஷினிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிடலாம். ஏற்றியவர்கள் நிறைய பேர். ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் வருமென்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. விளையாட்டுக்குச் சரி, பேங்க் வேலை பார்க்கும் கணினியில் வேண்டாம். அதற்குப் பதில் விண்டோஸ் 10-லேயே நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்துவிடலாம். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசில்லை, இல்லையென்றால் 30 டாலர். யோசித்து முடிவெடுக்கக் கிடைத்த அவகாசம், அவ்வளவுதான்.

அடுத்து லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். எத்தனையோ வகை இருந்தாலும், விண்டோஸிலிருந்து வருபவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட் ஒன்றைத்தான். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று கை பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. எட்டு வருஷப் பழைய மெஷினுக்கு அத்தனை வருஷம் காசில்லாமல் கிடைப்பது பெரிய விஷயம். 4 ஜிபி ரேம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள், 8 இருந்தால் சின்னமன். வாட்ஸ்அப் வெப், ஆன்லைன் வகுப்பு, பேங்க், ரயில் டிக்கெட் ஆகிய எல்லாமே பிரௌசரில் நடப்பவை, அவற்றில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

தமிழ் தட்டச்சில்தான் பலர் முதல் நாளே வெறுத்துப்போய்த் திரும்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழ்99 விசைப்பலகை முறையில் "அம்மா" என்று அடிக்க ம எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். மின்ட்டின் விசைப்பலகை அமைப்பில் இருக்கும் தமிழ் தளவமைப்பைச் சேர்த்தால் அப்படி விழாது, ஒவ்வொரு புள்ளியையும் நீங்களே போட வேண்டும். "லினக்ஸில் தமிழ் சரியில்லை" என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளோடு அதன் எம்17என் பொதியையும் நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். புள்ளி தானாக விழும், ங-வுக்குப் பின் க அடித்தால் "ங்க" என்று சேரும். ஒலிப்பு முறையில் அடிப்பவர்களுக்கும் அதே பொதியில் வழி உண்டு.

இனி லினக்ஸ் எங்கே காலை வாரும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைக் கணக்கு டேலியில் ஓடுகிறதா? டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள். ஏதேதோ செய்து லினக்ஸில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஜிஎஸ்டி கடைசித் தேதியன்று அது மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது? டிடிபி வேலை, அதுவும் பேஜ்மேக்கரும் பழைய யூனிகோட் அல்லாத எழுத்துருக்களும் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் என்றால், விண்டோஸை விட்டு நகரவே வேண்டாம். போட்டோஷாப் கிடையாது. வேலரன்ட் விளையாடும் பையன் வீட்டில் இருந்தால் அவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். மற்றபடி ஸ்டீம் என்ற இணையக் கடையில் இருக்கும் விளையாட்டுகளில் பல, வால்வ் நிறுவனத்தின் புரோட்டான் வழியாக இப்போது லினக்ஸிலேயே நன்றாக ஓடுகின்றன.

பிரிண்டரையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் கண்ணில் படும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸோடு அவ்வளவு சுலபத்தில் ஒத்துப்போகாது. அது கேப்ட் என்ற கேனானின் சொந்த நெறிமுறையில் பேசும் பிரிண்டர், அதற்கான டிரைவரை உட்கார வைப்பது பெரும் பாடு. ஹெச்பி என்றால் அந்த நிறுவனமே தரும் ஹெச்பிலிப் டிரைவரில் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

நல்ல விஷயம், இதையெல்லாம் நிறுவாமலே சோதித்துவிடலாம். மின்ட் கோப்பு சுமார் 3 ஜிபி. ஒரு 8 ஜிபி பென்டிரைவில் அதை எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சவுண்ட் வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா, பிரிண்டர் ஒரு பக்கமாவது அடிக்கிறதா என்று பார்த்துவிடலாம். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது.

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. மத்திய அரசின் ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைக் கிளையில் உருவான லினக்ஸ் வகை அது. வாங்கிய பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கம் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள், சொல்லித்தர ஆள் இல்லாததால். லினக்ஸ் நம் வீடுகளுக்குள் வராததற்கு அதன் தரத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

பழைய கணினிகளில் போடக்கூடிய கூகுளின் இயங்குதளமான குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரௌசர் தவிர வேறெதுவும் தேவைப்படாதவருக்குச் சுலபமானது, இலவசம். குரோம்புக்கில் ஓடும் ஆண்ட்ராய்டு செயலிகள் இதில் ஓடாது என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். கூகுள் கணக்கு இல்லாமல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பதால் என் ஓட்டு மின்ட்டுக்கே.

மேக்கைப் பொறுத்தவரை, பழைய லேப்டாப்புக்கு அது தீர்வே இல்லை, புதிதாக வாங்குபவருக்கான வழி. 2020-இல் வந்த எம்1 முதல் அதன் பேட்டரியும் வேகமும் உண்மையிலேயே வேறு ரகம், அதை மறுக்க முடியாது. தமிழ்99, ஒலிப்பு முறையான அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருப்பதால் தட்டச்சுக்கும் கவலையில்லை. ஆனால் எம்4 மேக்புக் ஏர் 2025-இல் இந்தியாவில் அறிமுகமான விலை 99,900 ரூபாய். ரேமைப் பிறகு கூட்டவும் முடியாது. ஆப்பிளும் தேதி குறிக்கத்தான் செய்கிறது. மேக்ஓஎஸ் 26-தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள், அதுவும் சில மாடல்களுக்கு மட்டும்தான். செகண்ட் ஹேண்டில் இன்டெல் மேக்புக் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

ஆக, டேலியும் டிடிபியும் இருந்தால் விண்டோஸ் 11, தேவைப்பட்டால் அதற்கேற்ற செகண்ட் ஹேண்ட் மெஷின் ஒன்று. எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட பழைய ஆபீஸ் லேப்டாப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. மற்ற வீடுகளுக்கு மின்ட். மாற்றும்போது, இருக்கிற டிஸ்க்கை அழிக்காதீர்கள். அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒரு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி அதில் மின்ட்டைப் போடுங்கள். ஒத்துவரவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பழைய டிஸ்க்கை மாட்டிவிடலாம். ஒத்துவந்துவிட்டால் ஒரு யுஎஸ்பி உறை வாங்கிப் பழைய டிஸ்க்கை அதில் போட்டு, போட்டோக்களையும் ஆவணங்களையும் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள்.