ஓடை நண்டும் கடல் நண்டும்

குன்னூர்ச் சந்தைக்கு ஐஸில் வரும் கடல் நண்டையும், மலைச்சரிவில் ஓடைக்கல்லுக்கடியில் வாழும் நண்டையும் புரட்டிப் பாருங்கள். கடலோரச் சேற்று நண்டின் வயிற்று மடலில் ஒரே தடவையில் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டைகள் இருக்கக்கூடும். ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி, பொரிக்கும் நேரத்தில் கருமையாகும். பொரிந்த இளவுயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து, பல முறை தோலுரித்த பிறகே நண்டு உருவம் பெறும். அதற்குள் பெரும்பாலானவை இரையாகிவிடும்.

ஓடை நண்டு இடுவது சில பத்து, மிஞ்சினால் சில நூறு. ஆனால் முட்டை பெரியது, மஞ்சள் கரு நிறைந்தது. மிதக்கும் பருவமே இல்லை. குட்டி நண்டாகவே பொரிந்து, தாயின் மடலுக்குள் ஒடுங்கியிருக்கும். என்ன தாய்மை! கடலில் ஓரிடத்து இழப்பை, வேறிடத்து இளவுயிரிகளைக் கொண்டுவந்து நீரோட்டம் ஓரளவு ஈடுசெய்யும். ஓடைக்கு அந்த வரவு கிடையாது. ஆகவே மடல் உப்பிய ஓடை நண்டைப் பிடிக்கும் பிள்ளைகளிடம், கல்லடியிலேயே விட்டுவிடச் சொல்கிறேன்.