டிக்கி லைட் எல்இடி: 4,800 ரூபாய் கொடுத்து வாங்கிய வயிற்றெரிச்சல்

'கப்ளர் டு கப்ளர்', அதாவது ஒயரை வெட்டாமல் பிளக்கோடு பிளக்கைச் சொருகுவது என்று எந்த கார் ஆக்சஸரீஸ் கடையில் சொன்னாலும், ஒயரைக் கண்ணால் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். நேற்றுதான் சர்வீஸ் சென்டரில் என் வண்டியைப் பிரித்துக் காட்டினார்கள். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. டிக்கி லைட்டை மாற்றுபவர்கள் எதையெல்லாம் பார்க்கணும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது செடான். டிக்கியில் கம்பெனி கொடுத்தது ஒரே ஒரு 5 வாட் மஞ்சள் பல்பு, அதுவும் ஓரத்தில். ரெண்டு பெட்டி வைத்தால் இருக்கிற வெளிச்சமும் மறைந்துவிடும். அதனால்தான் கோவையில் ஒரு பெரிய ஆக்சஸரீஸ் கடைக்குப் போனேன். டிக்கி மூடியின் உள்விளிம்பில் எல்இடி பட்டை, 4,800 ரூபாய்.

விலை அதிகம்தான். ஆனால் ஓனர் பேசிய பேச்சு அப்படி. "ஒரு ஒயரைக்கூட வெட்ட மாட்டோங்கண்ணா, எல்லாமே கப்ளர் டு கப்ளர். வாரண்டிக்கு ஒண்ணும் ஆகாது. எல்இடி கரண்ட்டே இழுக்காதுங்க" என்றார். தன் சொந்தக் காரின் டிக்கியைத் திறந்து காட்டினார். அதில் வேலை நிஜமாகவே நேர்த்தி. சாவியைக் கொடுத்துவிட்டேன். ஏசி ரூமில் உட்காரவைத்து டீ வரவழைத்தார். வேலை நடக்கும் இடத்துக்கு எழுந்து போனால், "அங்க ஒரே தூசிங்கண்ணா" என்று வழிமறித்தார். பில் கேட்டதற்கு, பிரின்டர் ரிப்பேர், வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வருகிறது.

சனி, ஞாயிறு வண்டியை எடுக்கவில்லை. திங்கள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். பேட்டரி காலி. போன் செய்தால், "பேட்டரி பழசாயிருக்குங்கண்ணா." போன வருஷக் கடைசியில் மாற்றிய பேட்டரி! அடுத்த முறை, வேலை பார்த்த பையன் ஊருக்குப் போய்விட்டானாம். அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேரில் போய் நின்றபோது அதே வாய் கேட்டது: "எங்க கடையில போட்டதுன்னு எப்படிச் சொல்றீங்க? பில் இருக்குங்களா?" 4,800 ரூபாய் எண்ணி வாங்கியவர் கேட்கிற கேள்வியா இது?

சர்வீஸ் சென்டரில் டிக்கியின் உள்ளுறையைக் கழற்றினார்கள். கம்பெனி ஒயரின் தோலைச் சீவி, செம்பைச் சுற்றி முறுக்கி, மேலே கருப்பு டேப். அந்த டேப்பும் வெயிலில் பசை உருகி வழிந்து கிடந்தது. கப்ளர் என்று ஒன்று மருந்துக்கும் இல்லை. பட்டையின் மைனஸை டிக்கி லாக்கில் உள்ள சுவிட்ச் வழியாகக் கொண்டுபோகாமல் நேராக பாடி போல்ட்டில் மாட்டியிருக்கிறார்கள். பிளஸ்ஸோ எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர். ஆக, டிக்கியை மூடினாலும் உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. செடான் டிக்கியை மூடிய பிறகு உள்ளே எரிவது யாருக்குத் தெரியும்?

'கரண்ட்டே இழுக்காது' கதையையும் கேளுங்கள். மீட்டருக்கு 60 பல்பு உள்ள 5050 (எல்இடி சிப்பின் அளவைக் குறிக்கும் எண்) பட்டை, 12 வோல்ட்டில் மீட்டருக்கு 14 வாட் வரை இழுக்கும். பழைய பல்பு வெறும் 5 வாட். 14 வாட் என்றால் 1.2 ஆம்பியர். 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றரை நாளைக்குத் தாங்காது. இதெல்லாம் போதாதென்று 10 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு 20 போட்டிருக்கிறார்கள். ஒயர் உரசி ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போவதற்குள் ஒயர் தீய்ந்துவிடலாம். இனி அந்த ஹார்னஸுக்கு (ஒயர் கட்டுக்கு) வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டர் கைவிரித்துவிட்டது. சரிசெய்த செலவு வேறு. அது 4,800-இல் சேராது.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. வெளிச்சம் மட்டும் போதுமென்றால் பழைய பல்பின் நீளத்தை அளந்து அதே அளவில் எல்இடி பல்பு வாங்கி நீங்களே மாட்டுங்கள், எரியாவிட்டால் திருப்பி மாட்டினால் எரியும். கடையில் செய்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். கிளம்பும் முன் போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பாருங்கள், விளக்கு அணைகிறதா என்று தெரிந்துவிடும். நான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் கடையிலிருந்து போன் வந்தது. "பேசித் தீர்த்துக்கலாங்கண்ணா, பாதி தர்றேன்." 4,800-உம் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன்.