யானை வேலி இரைச்சலுக்கு ‘பில்டர்’ விற்கிறார்கள், கவனம்! 28,500 ரூபா போய்விட்டது

இன்று காலை கடையிலிருந்து பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார்கள். கோபத்தோடேயே எழுதுகிறேன்.

வவுனியாவில் எங்கள் தோட்டத்துக்கு யானைக்காக மின்வேலி போட்டிருக்கிறோம். கொஞ்சக் காலமாக அப்பாவின் ரேடியோவில் செக்கனுக்கு ஒருதரம் ‘டிக், டிக்’. மீடியம் வேவில் ஒரு நிலையமும் கேட்க முடியாது. வேலி மெசினை நிறுத்தினால் சத்தமும் நிற்கும். கொழும்பு புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் விற்கும் ஒரு கடையில் இதை அப்படியே சொன்னேன்.

கடைக்காரர் செய்தே காட்டினார். ரேடியோவுக்குப் பக்கத்தில் ட்ரில் மெசினை ஓடவிட்டார், கரகரவென்று இரைந்தது. அதே ட்ரில்லை ‘பில்டர்’ என்ற, இரைச்சலைத் தடுக்கும் ஒரு பெட்டி வழியாகச் செருகினார்; இரைச்சல் அடங்கிவிட்டது. “யானை வேலிக்கெண்டே வந்த சாமான் தம்பி, நம்பிக் கொண்டுபோங்கோ. சரிவராட்டி காசு திருப்பித் தாறன்” என்றார். கண்முன்னால் நடந்ததை யார்தான் நம்பமாட்டார்கள்? 28,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன்.

ஊரில் கொண்டுபோய்ப் பூட்டினோம். சத்தம் துளிகூடக் குறையவில்லை.

போன் எடுத்தால் “உங்கட எர்த் சரியில்லை.” எர்த் கம்பி புதிதாக அடித்தோம். அப்புறம் “முதலாளி வெளியில.” வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. இன்று நேரில் போனால், காசு தருவேன் என்ற அதே மனிதர் முகத்தைக்கூடப் பார்க்காமல், “பெட்டி உடைச்ச சாமான், எடுக்க ஏலாது” என்கிறார். 28,500 ரூபா! அப்பா உழுந்து விற்ற காசு.

வேலி வேலை தெரிந்த ஊர் அண்ணை ஒருவர்தான் விளங்கப்படுத்தினார். ட்ரில்லின் இரைச்சல் கறண்ட் வயர் வழியாகப் போவது; அதைப் பில்டர் பிடிக்கும். எங்களுடையது வேலியிலேயே பிறப்பது. இன்சுலேட்டர் வெடித்த இடத்தில், கம்பி முடிச்சுத் தளர்ந்த இடத்தில் மெசின் கறண்ட் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் பொறி பறக்கும். நீண்ட வேலிக் கம்பியே ஏரியலாகி அதைப் பரப்பும். சின்ன ரேடியோவின் முள்ளை ஒரு நிலையமும் கேட்காத இடத்தில் வைத்துக்கொண்டு வேலியோரம் நடந்தார். சத்தம் கூடிய தூண்களில் இன்சுலேட்டர் வெடித்திருந்தது. மாற்றியதும் ரேடியோ தெளிந்துவிட்டது. சில நூறு ரூபா வேலை!

ஆகவே, எதையும் வாங்குமுன் வேலியை நடந்து பாருங்கள். கம்பியில் முட்டும் புல்லை வெட்டுங்கள். கைவைக்குமுன் மெசினை நிறுத்துங்கள். வேலி எர்த்தை வீட்டு எர்த்தோடு சேர்க்க வேண்டாம். காசு திருப்பித் தருவேன் என்றால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

எனக்குத் தந்த பில்லில் 28,500 என்ற தொகை மட்டும்தான். அதை வைத்தே நாளை 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுக்கிறேன்.