சிம்மக்கல் பக்கம் பாய் கடையில ரிவால்வர் சர்வீஸ்

சோழவந்தான் தென்னந்தோப்புக்குன்னு அப்பா லைசென்ஸ் எடுத்து வாங்குன .32 ரிவால்வர், அவருக்கப்புறம் என் பேருக்கு மாறி ஆறு வருசமாச்சு. அத போன மாசம் மதுர சிம்மக்கல் பக்கம் சந்துக்குள்ள இருக்குற பாய் கடையில சர்வீஸுக்குக் குடுத்தேன். லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடைதான். நம்ம பக்கத்துல ரிவால்வர் வச்சிருக்குறவங்க தாராளமா நம்பிக் குடுக்கலாம்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல குடுத்து மனசே விட்டுப்போச்சுங்க. உப்புத்தாள் போட்டுத் தேச்சு பேரல் மேல இருந்த கருநீலப் பூச்சையே எடுத்துட்டாங்க, தோட்டா போடுற உருளை, அதான் சிலிண்டர், அதோட ஓட்டைக்குள்ள எல்லாம் எண்ணெய்ய ஊத்திக் குடுத்தாங்க, எனக்கும் அப்ப விவரம் பத்தல, தொடைக்காம அப்படியே தோட்டா போட்டு வச்சேன். ரேஞ்சுல ஆறுல ரெண்டு வெடிக்கல. எண்ணெய் ஊறி, தோட்டா அடியில மருந்தப் பத்தவைக்கிற பிரைமர் செத்துப்போச்சு. வெடிக்கலைன்னா ஒடனே தெறக்கக் கூடாது, அடுத்ததுக்கு ட்ரிக்கரயும் இழுக்கக் கூடாது, டார்கெட் பக்கமே நீட்டி வச்சு அர நிமிசமாவது காத்திருக்கணும், சில தோட்டா லேட்டா வெடிக்கும்.

பாய் மொதல்ல லைசென்ஸ் புக்க வாங்கி நம்பர் ஒத்துப்போகுதான்னு பாத்தாரு. "காலிதான் பாய்"ன்னேன். "இருக்கட்டும் தம்பி"ன்னு அவரே சிலிண்டரத் தெறந்து ஆறு ஓட்டையையும் பாத்துட்டு, விரல வச்சும் தடவிப் பாத்தாரு. அப்புறம் ஒரு கையால சிலிண்டர லேசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி இருக்குற சுத்தியல, அதான் ஹேமர, மெதுவா இழுத்து, அது முழுசா பின்னாடி போயி நிக்கிறதுக்குள்ள சிலிண்டர் டக்குன்னு பூட்டுதான்னு ஒவ்வொரு ஓட்டைக்கும் பாத்தாரு. நாலாவது மட்டும் பிந்திப் பூட்டுச்சு. ஓட்டையும் பேரலும் நேர்கோட்டுல நிக்கலைன்னா குண்டு சிலிண்டர் பக்கம் இருக்குற பேரல் வாயில உரசி ஈயத்தச் சீவிவிடும், அது பக்கத்துல நிக்கிறவங்க மூஞ்சில தெறிக்கும்.

"எந்தத் தோட்டா போடுற?"ன்னு கேட்டாரு. ஃபேக்டரி தோட்டா மட்டும்தான்னு சொல்லிட்டு ஹூஸ்டன்ல நடந்ததச் சொன்னேன். அங்க எங்க மச்சான் கராஜுலயே தோட்டா நிரப்புவாரு, .357 ரிவால்வர்ல .38 ஸ்பெஷல் போட்டுச் சுடுவாரு. நான் சுடுறப்ப நாலாவது தடவ டமார்னு கேக்காம வெறும் 'பட்'டுன்னு கேட்டுச்சு. அடுத்தத இழுக்கப் போனேன், மச்சான் "நிறுத்துப்பா!"ன்னு கத்திட்டாரு. எல்லாத்தையும் இறக்கிட்டு பித்தளக் கம்பிய விட்டுப் பாத்தா பேரல் பாதியிலயே முட்டி நின்னுச்சு. அந்த ஒரு கேஸுல, அதான் தோட்டாவோட பித்தளக் கூட்டுல, மருந்தே விழல, பிரைமர் மட்டும் தள்ளி குண்டு உள்ள மாட்டிக்கிச்சு. அது மேல இன்னொன்னு சுட்டிருந்தா பேரல் வீங்கியோ வெடிச்சோ போயிருக்கும், என் கைய நெனச்சா இப்பவும் ஒடம்பு நடுங்குது.

பாய் அதுக்கு ஒண்ணு சொன்னாரு. "பிஸ்டல்னா மருந்து வேகமில்லேன்னா மேல நகர்ற ஸ்லைடு பின்னாடி வராது, பெரும்பாலும் அதுவே நின்னு காட்டிக்குடுக்கும். ரிவால்வர் அப்படி இல்ல தம்பி, நீ இழுத்தா அது சுத்தும். காதுதான் காவல்." ரிவால்வர் எப்பவும் மக்கர் பண்ணாதுன்னு நாம பெருமையா சொல்றோமே, அதுலதான் இந்த ஆபத்தே ஒளிஞ்சிருக்கு.

மருந்து ரெண்டு தடவ விழுந்தா அது இன்னும் மோசம். .38 கேஸுக்குள்ள மருந்து அடியில கொஞ்சூண்டுதான் நிக்கும், இரட்டிப்பா கொட்டுனாலும் வழியாது, அதனால குண்டு வைக்கிறதுக்கு முன்னாடி அம்பது கேஸையும் மச்சான் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா எட்டிப்பாப்பாரு. கேஸ் வாய சரியா இறுக்கலைன்னா சுடுற உதையில மத்த தோட்டாவோட குண்டு முன்னாடி நழுவி சிலிண்டரையே சுத்தவிடாது. பிரைமர் துருத்திக்கிட்டு இருந்தாலும் அதே கததான். நம்மூர்ல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், யாரும் வீட்டுல கைய வச்சிடாதீங்க.

என் ரிவால்வர்ல பேரல் வாயில ஈயம் சாம்பக் கலர்ல படிஞ்சிருந்துச்சு. பித்தள பிரஷ் போட்டு, கம்பி பேரல் நுனிய உரசாம பாத்துப் பாத்து எடுத்தாரு. காலிக் கேஸத் தள்ளுற நட்சத்திரத் தகட்டுக்கு அடியில ஊசியால சொரண்டி ஒரு வெள்ளத் துணியில தட்டிக் காட்டுனாரு, கசகசா மாதிரி அஞ்சாறு துணுக்கு, எரியாத மருந்து. இத்துணூண்டு உள்ள உக்காந்தா சிலிண்டர் மூடாது, மூடுனாலும் சுத்தாம இறுகும். கேஸ இறக்குறப்ப பேரல வானத்தப் பாத்துப் பிடிச்சுத் தட்டுனா இந்தத் தூசி தகட்டுக்கடியில போகாம கீழ கொட்டிரும்.

கொறன்னு சொன்னா டைம்தான். பத்து நாளுன்னாரு, பதினெட்டு நாளாச்சு, நாலாவது ஓட்டை பூட்டு சரிபண்ண அவ்வளவு நாள். 1800 ரூவா வாங்குனாரு. லைசென்ஸ் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போனா திருப்பி அனுப்பிருவாரு, ஒரிஜினல் புக் வேணும். வெள்ளிக்கிழம மத்தியானம் கடை இருக்காது. வண்டிய யானைக்கல் பக்கமே விட்டுட்டு நடந்து போயிருங்க.

வாங்கிட்டு வர்றப்ப படத்துல பாத்த மாதிரி கைய ஒதறி சிலிண்டர மூடுனேன். பாய்க்கு மூஞ்சி மாறிப்போச்சு, அப்படி மூடுனா சிலிண்டரத் தாங்குற கை வளைஞ்சிருமாம், ரெண்டு கையாலயும் மெதுவா அமுக்கி மூடச்சொல்லி என்னை மூணு தடவ செய்ய வச்சுட்டுத்தான் அனுப்புனாரு.